அடகுப் பேரேட்டை மூட மறுத்தவர்கள்: மட்டக்களப்புக் கூட்டுறவுக் கிராமிய வங்கி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிராமிய வங்கி நடத்தும் கூட்டுறவுச் சங்கமொன்று பேரேட்டுக்குப் பதிலாகக் கணக்கு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தது, அது இழுபட்டது. பணிப்பாளர் சபையின் கூட்டக் குறிப்பில் காரணம் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது: பணியாளர்களுக்குக் கணினி அறிவு போதாமையால் மென்பொருள் நடைமுறைக்கு வரவில்லை. அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொண்டால் பரிகாரமும் கைவசம் இருக்கிறது. இன்னொரு பயிற்சி வகுப்பு, ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், ஆளுக்கொரு சோற்றுப் பார்சல். சங்கம் அதையே திரும்பவும் செய்தது. வகுப்பு முடிந்த மறுநாள் காலையில் கவுண்டரில் எல்லோரும் பழையபடி பேரேட்டைத் திறந்தார்கள்.

கணினி அறிவு போதாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் ஒருவர் கட்டாரில் வேலை செய்யும் கணவருக்கு ஒவ்வொரு மாலையும் வட்ஸ்அப்பில் வீட்டுச் செலவுக் கணக்கை அனுப்புகிறவர். இன்னொருவர் மகளின் பரீட்சை விண்ணப்பத்தைக் கைப்பேசியிலேயே நிரப்பி முடித்தவர். இவர்களைத் திரை பயமுறுத்தவில்லை. காசோ நகையோ குறைந்துபோனால் யார் பதில் சொல்வது, எதைக் காட்டிச் சொல்வது என்ற கேள்விக்குப் பேரேட்டில் இடம் இருந்தது. புதிய மென்பொருளில் இருக்கவில்லை. அறிமுகம் இழுபட்டதற்கும், பிறகு மெல்ல வழிக்கு வந்ததற்கும் இதைத்தான் முதற்காரணமாகக் காண்கிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

சங்கத்தின் பெயரையும், மென்பொருள் வழங்கிய கொழும்பு நிறுவனத்தின் பெயரையும், பணியாளர்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். நான் பயிற்சியாளராக இதற்குள் வந்தேன், அதுவும் வேலை பாதியில் நின்ற பிறகு அழைக்கப்பட்டு.

சங்கமும் அதன் பருவங்களும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் சங்கத்தின் தலைமைக் காரியாலயமும் பெரும்பாலான கிளைகளும் இருக்கின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிளை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிய கலவையான தொழில்தான் இங்கும்: கடை, நெல் கொள்வனவு, கிராமிய வங்கி. இலங்கையில் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் 1964இல் மக்கள் வங்கியின் அனுசரணையுடன் தொடங்கியவை. வணிக வங்கியின் படி ஏறத் தயங்கும் மீனவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் சிறு விவசாயிக்கும் இன்றும் அவையே பக்கத்தில் இருக்கின்றன. சேமிப்பு, சிறுகடன், நகை அடகு என்று மூன்று வேலை. மூன்றில் சங்கத்துக்குச் சோறு போடுவது அடகு.

அடகுக்கு ஒரு பருவம் உண்டு. பெரும்போக விதைப்பு புரட்டாதி, ஐப்பசியில் தொடங்கும்போது உழவு இயந்திரக் கூலிக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு வேண்டும். காப்பும் சங்கிலியும் கவுண்டருக்கு வருகின்றன. அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு, மாசி, பங்குனியில், அதே காப்பும் சங்கிலியும் வீடு திரும்புகின்றன. சித்திரைப் புத்தாண்டுக்குக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பது இங்கே எழுதப்படாத தவணை. ஆகவே பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மீட்புக் கவுண்டரில் நெரிசல் ஓயாது.

சபைக்குக் கணினி மேல் ஆசை வந்ததற்கும் உள்ளூர்க் காரணம் இருந்தது. 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரையோடு போன ஏடுகளைப் பற்றிப் பழையவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடலோரக் கிளையின் பேரேடுகள் அலையோடு போயின. அங்கத்தவர்கள் கொண்டுவந்த சேமிப்புப் புத்தகங்களை வைத்தே கணக்கைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று இந்தச் சங்கத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இருந்தும் முதல் முயற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கணினிகள் உறை போட்டு மூடப்பட்டன. தங்க விலை ஏற ஏற அடகு வரிசை மட்டும் நீண்டது, அதையெல்லாம் பேரேடு தாங்கியது. பேரேட்டின் மதிப்பு பணியாளர்களின் கண்ணில் உயர்ந்ததற்கு அந்த மாதங்களும் ஒரு காரணம்.

ஜனவரியில் தொடங்கியது

நெருக்கடி தணிந்தபின் சபை மறுபடி முயன்றது. தொடங்கும் நாளாக ஜனவரி முதலாம் திகதி குறிக்கப்பட்டது, புதிய கணக்காண்டு அன்று பிறக்கிறது என்பதால். கணக்காளரின் பார்வையில் குறை சொல்ல முடியாத தெரிவு. கவுண்டரில் இருப்பவர் பார்வையில் அதைவிட மோசமான மாதத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. கை பழகுவதற்குள் மீட்பு நெரிசல் வந்துவிடும். பணியாளர்களை யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

பயிற்சி மட்டக்களப்பு நகரத்து மண்டபமொன்றில் நடந்தது. மாதிரித் தரவில் வந்த அங்கத்தவர்களுக்குக் கொழும்பு முகவரி. மாதிரிக் கடன்கள் வாகனக் கடன்கள். அடகுப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் தேநீர் இடைவேளைக்குப் பிந்திய மிச்ச நேரம். திரையில் எல்லாம் ஆங்கிலம், அறிக்கைத் தலைப்புகளில் மட்டும் தமிழ். பயிற்றுவித்த இளைஞர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் நகைக்கு எடை போடுவதை அவர் ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்த்தவரல்லர்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது: ஒரு மாத காலத்துக்குப் பேரேட்டிலும் கணினியிலும் இரண்டிலும் பதிய வேண்டும். இரட்டைப் பதிவு நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எந்த நிபந்தனை நிறைவேறினால் பேரேட்டை மூடலாம் என்று சுற்றறிக்கையில் இல்லை. ஒரு மாதம் முடிந்தது. பேரேடு தொடர்ந்தது. நடந்தது என்னவென்றால், பகலில் ஆட்களைப் பேரேட்டில் பார்த்து அனுப்பிவிட்டு, கவுண்டர் மூடியபின் பேரேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றினார்கள். கூட்டல் பிழையைக் கண்டுபிடிப்பது, வட்டியைக் கணக்கிடுவது, நிலுவையைக் காட்டுவது என்று மென்பொருள் எதற்காக வாங்கப்பட்டதோ அத்தனையும் பகலில் கையால் முடிந்திருந்தது. மாலையில் வெறும் பிரதி எடுப்பு. பிரதி எடுப்பவருக்கு அந்தப் பொருளால் என்ன பயன் தெரியும்?

கல்முனை வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. படுவான்கரைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்குத்தான் கடைசி பஸ் ஒரு கணக்கு. மென்பொருள் என்றால் பஸ் தவறும் என்று ஆகிவிட்டது. வீட்டில் பிள்ளைகளை அயலில் விட்டுவிட்டு வந்தவர்கள் மேலதிகக் கொடுப்பனவு இல்லாமல் மாலையில் காத்திருந்ததைச் சபை 'ஒத்துழைப்பின்மை' என்ற தலைப்பில் ஆராய்ந்தது. அந்தக் கூட்டக் குறிப்பையும் படித்தேன். படித்துக் கோபம்தான் வந்தது.

குறிப்பு எழுத இடமில்லாத அடகுச் சீட்டு

அடகுப் பேரேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். திகதி, இலக்கம், பெயர், தொகை இவற்றுக்குப் பக்கத்தில் அகலமான ஒரு நிரல். அதில் எழுதுவினைஞர் தன் கையெழுத்தில் நகையை வர்ணித்திருப்பார்: கல் பதித்த தோடு ஒரு சோடி, வலது தோட்டில் கீழ்க்கல் இல்லை, சுரை மாற்றியது. அல்லது: கைச்சங்கிலி ஒன்று, கொழுக்கி வளைந்தது, நடுவில் ஒட்டு. எடை மொத்தம் ஒன்று, கல்லும் மெழுகும் கழித்தது ஒன்று. கீழே அடகு வைத்தவரின் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம்.

'கீழ்க்கல் இல்லை' என்ற இரண்டு சொல்லின் பெறுமதி ஒரு வருடம் கழித்துத் தெரியும். மீட்க வருபவர் சில வேளை வைத்தவராக இருக்க மாட்டார், மகளோ மருமகளோ வருவார். தோட்டைக் கையில் வாங்கியதும், கல் எங்கே என்பார். எழுதுவினைஞர் பேரேட்டைத் திருப்பி அந்த வரியையும் அதன் கீழுள்ள கையொப்பத்தையும் காட்டுவார். பேச்சு அத்தோடு முடியும். காட்ட முடியாவிட்டால் கல்லின் விலை அவருடைய சம்பளத்தில் போகும். சங்கத்தின் விதி அப்படி. காசு குறைந்தால் காசாளர் அன்றே கையிலிருந்து போட வேண்டும். நகையில் குறை வந்தால் அடகு எழுதுவினைஞரும், இரும்புப் பெட்டியின் இரண்டாவது திறப்பை வைத்திருப்பவரும் பங்கிட்டுக் கட்ட வேண்டும்.

புதிய மென்பொருளில் நகைக்கு ஒரு தெரிவுப் பட்டியல் இருந்தது: சங்கிலி, வளையல், மோதிரம், காதணி, ஏனையவை. எண்ணிக்கை, மொத்த எடை, நிகர எடை, மாற்று என்னும் தங்கத்தின் தரம். அவ்வளவுதான். குறிப்பு எழுத ஒரு பெட்டி வேறொரு திரையில் மறைந்திருந்தது. அதில் எழுதினாலும் அச்சாகும் சீட்டில் அது வராது, ஆகவே வைத்தவரின் கையொப்பம் அந்தக் குறிப்பின் கீழ் விழாது. அட்டியலும் தாலிக்கொடியும் 'ஏனையவை'க்குள் போயின.

கணினிப் பதிவை மட்டும் நம்பி நகையை உள்ளே எடுக்கச் சொல்வது, அடகு எழுதுவினைஞரான பெண்ணிடம் உன் சம்பளத்தைப் பணயம் வை என்று சொல்வதற்குச் சமம். அவர் மறுத்தார். மறுப்பைக் காரணத்தோடு சபைக்கு எழுதும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லாததால், பேரேட்டை மூடாமல் விட்டார். அவருக்கு முப்பது வயதிலிருந்து அடகு வேலைதான். உரைகல்லில் ஒரு இழுப்பிலேயே மாற்றைச் சொல்லக்கூடியவர். இப்படிப்பட்டவரின் மறுப்பைப் 'பழமைவாதம்' என்று எழுதி வைப்பது சோம்பேறித்தனம்.

எடையிலும் ஒரு சிக்கல். வாடிக்கையாளர் பேசுவது பவுணில், எட்டுக் கிராம் ஒரு பவுண். மென்பொருள் கேட்பது கிராமும் மில்லிகிராமும். வாயால் கேட்ட பவுணை மனதில் கிராமாக்கி எழுதி, திரும்பப் பவுணில் சொல்லும்போது கடைசித் தசமத்தில் வேறுபாடு வந்தது. தொகை சிறியது. ஆனால் தங்கத்தில் வேறுபாடு சிறியது என்று சொல்லி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

சீட்டு அச்சான தாள் இன்னொரு கதை. கடைகளில் சிட்டை அடிக்கும் வெப்பத்தாளையே நிறுவனம் அடகுச் சீட்டுக்கும் கொடுத்திருந்தது. அந்தத் தாளில் எழுத்து வெப்பத்தால் தோன்றுவது, வெப்பத்தாலேயே கெடுவதும் கூட. மட்டக்களப்பு வெயிலில், தகரப் பெட்டிக்குள் அல்லது கைப்பைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் சீட்டு என்ன ஆகும்? மீட்க வந்தபோது சிலரின் சீட்டில் வெறும் மங்கிய கறைதான் மிஞ்சியிருந்தது. பிறகு பழைய டொட் மெட்ரிக்ஸ் அச்சு இயந்திரத்தைத் தூசு தட்டி எடுத்துக் கார்பன் பிரதியோடு அடிக்கத் தொடங்கினார்கள். சத்தம் அதிகம், எழுத்து நிற்கிறது.

தொழில்நுட்ப ஏற்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த மாதிரியிலிருந்து தொடங்குவார்கள். ஒரு கருவி தன் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணமும், அதைக் கையாள்வது இலகு என்ற எண்ணமும் சேர்ந்தே ஒருவர் அதை ஏற்பதைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். இந்தச் சங்கத்தில் கையாள்வது கடினம் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பயன்படும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பயன் சபைக்குப் போனது, பிழைக்கான பொறுப்பு கவுண்டரில் நின்றது. அந்த மாதிரியை மட்டும் வைத்துக் கேள்விக்கொத்துத் தயாரித்திருந்தால், பதில்கள் எல்லாம் நன்றாக வந்திருக்கும், பேரேடும் திறந்தே இருந்திருக்கும்.

முகாமையாளரின் கடவுச்சொல்

பேரேட்டில் பிழை விட்டால் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பார்கள். பிழையும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவரும் தெரியும். மென்பொருளில் பதிந்ததை மாற்ற முகாமையாளரின் கடவுச்சொல் வேண்டும். வடிவமைத்தவர் நோக்கில் நல்ல பாதுகாப்பு. கிளை முகாமையாளரோ வாரத்தில் பாதி நாள் பிரதேச செயலகக் கூட்டத்திலோ தலைமைக் காரியாலயத்திலோ இருப்பவர். கவுண்டரில் ஆள் நிற்க, 5,000 என்பது 50,000 என்று பதிவாகிவிட்டால் அவர் வரும்வரை என்ன செய்வது? ஒரு வாரத்துக்குள் அந்தக் கடவுச்சொல் விசைப்பலகையின் அடியில் ஒட்டிய துண்டுக் காகிதத்துக்கு வந்துவிட்டது.

அதன்பின் திருத்தம் எல்லாமே முகாமையாளர் செய்ததாகப் பதிவானது, அவர் மட்டக்களப்பில் கூட்டத்தில் இருந்த நேரத்திலும். கணக்காய்வாளர் கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. காசாளருக்கும் நிம்மதியில்லை. "தம்பி, பேரேட்டில் நான் வெட்டியதை நான் வெட்டினேன் என்று சொல்ல என் ஒப்பம் இருக்கிறது. இதில் நான் வெட்டாததையும் என் தலையில் போடலாம், நான் வெட்டியதையும் இல்லையென்று சொல்லலாம்" என்றார் ஒரு காசாளர். தகவல் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வட்டியிலும் இதே குழப்பம். சங்கத்தின் கைவழக்கில் ஒரு மாதத்துக்கு மேல் சில நாள் போனாலும் அடுத்த மாத வட்டி சேரும். மென்பொருள் நாள் கணக்கில் போட்டது. வாடிக்கையாளருக்கு நாள் கணக்கு நியாயமானது. ஆனால் எது சங்கத்தின் விதி என்று சபை தீர்மானிக்கவே இல்லை. சபை எடுக்க வேண்டிய முடிவைக் கொழும்பில் நிரல் எழுதிய யாரோ எடுத்திருந்தார். காசாளர் கையால் போட்ட தொகைக்கும் திரை காட்டிய தொகைக்கும் இடையில் அல்லாடி, கடைசியில் தன் கைக்கணக்கையே வாங்கினார். மாலையில் அது கணினியில் பொருந்தவில்லை, வித்தியாசத்தை 'ஏனைய வருமானம்' என்று போட்டு முடித்தார்கள்.

தேடினால் கிடைக்காத அங்கத்தவர்கள்

பழைய அங்கத்தவர் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகி இருந்தது. இலங்கைத் தமிழ் அலுவலகங்களில் இது பொதுவான நிலை. பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் மட்டும் தெரியும். நிறுவனம் பட்டியலை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஏற்றியது. திரையில் எல்லாப் பெயரும் சரியாகத் தெரிந்தன. ஆனால் கௌரி என்று தேடினால் கௌரி கிடைக்கவில்லை. சௌந்தரம்மா கிடைக்கவில்லை. மௌலானா என்று பெயருள்ள ஒருவரும் கிடைக்கவில்லை.

காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பாமினியில் ஔகாரத்தைத் தட்ட ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் பயன்படுத்துவார்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடில் ஔகாரக் குறி வேறு, ளகர எழுத்து வேறு. மாற்றி பல பெயர்களைக் கொம்பும் ளகரமுமாகவே விட்டுவிட்டது. யூனிகோடில் சரியாகத் தட்டித் தேடுகிறவருக்கு அந்தப் பெயர் இல்லாத பெயர். அப்படிக் கிடைக்காதவரைப் புதிய அங்கத்தவராகப் பதிந்தார்கள். ஒரே பெண்ணுக்குச் சேமிப்பு ஒரு கணக்கில், அடகு இன்னொன்றில்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தால் தேடலாம் என்று பார்த்தால் அங்கும் இரட்டை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016இலிருந்து வழங்கப்படும் புதியதில் 12 இலக்கம். பழையதிலிருந்து புதியதைப் பெற விதி உண்டு: முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் போதும். மென்பொருளுக்கு அது தெரியாது. பழைய அட்டையைத் தொலைத்துப் புதியது எடுத்தவர் அதன் கண்ணில் வேறொரு ஆள்.

பெயருக்கு இரண்டு பெட்டிகள், முதற்பெயர், குடும்பப்பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் ஊரில் எதை எதில் எழுதுவது? ஒவ்வொரு எழுதுவினைஞரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். இதை நீட்டத் தேவையில்லை. தமிழில் மென்பொருள் பயன்படுத்திய எவருக்கும் பழகிய தொல்லை.

மறுதொடக்கம்

ஏப்ரலுக்குப் பிறகு சபை கொஞ்சம் இறங்கி வந்தது. கணக்காய்வாளரின் கேள்விகள் அதற்கு உதவின என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கிளைப் பணியாளர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம், முகாமையாளர்கள் இல்லாமல். அந்தப் பேச்சில் வந்தவைதான் மேலே எழுதியவற்றில் பெரும்பகுதி. மறுதொடக்கம் ஜூனுக்குத் தள்ளப்பட்டது. அப்போது பெரும்போக நகைகள் மீண்டுபோய், அடுத்த விதைப்புக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்.

முதலில் பொறுப்பு. மாற்றக் காலமான மூன்று மாதத்துக்குள், மென்பொருள் பதிவால் ஏற்பட்டதென்று காட்டக்கூடிய குறைக்குப் பணியாளர் சம்பளத்தில் கை வைப்பதில்லை என்று சபை எழுத்தில் தீர்மானித்து, அதன் பிரதியை ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பியது. சிலர் அந்தப் பிரதியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். பயிற்சி வகுப்புகள் எதுவும் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்தது. அதன் பிறகுதான் பிழைகளை மறைக்காமல் சொல்லத் தொடங்கினார்கள், சொன்னதால்தான் திருத்த முடிந்தது.

அடகுத் திரையில் குறிப்புப் பெட்டி முன்னுக்கு வந்தது, சீட்டில் அச்சானது, கீழே கையொப்பத்துக்கு இடம் வந்தது. நிறுவனம் இதை முதலில் மேலதிக வேலை என்று கட்டணம் கேட்டது. இழுபறிக்குப் பின் செய்துகொடுத்தது. பவுணிலும் எடை தெரியும்படி ஆக்கினார்கள். அன்றைய பதிவை அன்றே, ஒரு குறிப்பிட்ட தொகைக்குள், பதிந்தவரே காரணம் எழுதி, பிழையை நீக்கும் எதிர்ப்பதிவு செய்யலாம் என்று அனுமதி மாற்றப்பட்டது. நாள் முடிவில் எதிர்ப்பதிவுகளின் பட்டியல் அச்சாகும், காசாளரும் முகாமையாளரும் அதில் ஒப்பமிடுவார்கள். விசைப்பலகை அடியிலிருந்த துண்டுக் காகிதங்களைக் கிழித்துப் போட்டோம். வட்டி விடயத்தில் சபை நாள் கணக்கையே ஏற்றது. வருமானம் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தே ஏற்றது, அதற்காகப் பாராட்டலாம்.

பேரேட்டை எப்போது மூடுவது என்பதற்குக் கிடைத்த வழி எனக்குப் பிடித்தது. அதைச் சொன்னவர் எழுதுவினைஞர் ஒருவர். எல்லாப் பேரேட்டையும் ஒரே நாளில் மூட வேண்டாம், அங்கத்தவர் சேமிப்புப் புத்தகத்தோடு கவுண்டருக்கு வரும்போது, புத்தகம், பேரேடு, திரை மூன்றும் ஒத்தால், அவருடைய பேரேட்டுப் பக்கத்தில் சிவப்புக் கோடு இழுத்து 'கணினிக்கு மாற்றப்பட்டது' என்று முத்திரை குத்துவோம் என்றார். அப்படியே செய்தோம். முத்திரை விழுந்த பக்கத்தில் பிறகு எவரும் எழுத முடியாது. அங்கத்தவருக்கும் தன் முன்னாலேயே கணக்கு ஒத்துப்போனது தெரியும். இரட்டை அங்கத்தவர்களும் இந்த வேலையிலேயே பிடிபட்டார்கள். அடிக்கடி வருபவர்களின் பக்கங்கள் சீக்கிரம் மூடின. இரட்டைப் பதிவு நாளுக்கு நாள் குறைந்தது. எவரெட் ரோஜர்ஸ் புதுமைகள் பரவுவது பற்றி எழுதியபோது சிறிதாக முயன்று பார்க்கக்கூடிய புதுமை சீக்கிரம் பரவும் என்றார். அது கருவியின் பண்பு மட்டுமல்ல, அறிமுகம் செய்பவர் விரும்பினால் உண்டாக்கக்கூடியதும்தான்.

கற்பித்தலில் ஒரு விடயம் மட்டும். முதல் கட்டத்தில் கிளைக்கொரு இளம் பணியாளரை 'கணினி உதவியாளர்' என்று நியமித்திருந்தார்கள். ஒப்பந்த அடிப்படையில் புதிதாக வந்த பிள்ளைகள். வயதில் மூத்த அக்காமார், "தங்கச்சி, இதை ஒருக்கால் அடித்துவிடு" என்றால் மறுக்க முடியுமா? அந்தப் பிள்ளைகள் எல்லோருடைய பதிவையும் தாங்களே அடித்தார்கள். மற்றவர்கள் கற்கவில்லை. இவர்களுடைய பெயரிலோ பிறருடைய பிழைகள் சேர்ந்தன. மறுதொடக்கத்தில் ஒரு விதி வைத்தோம்: சொல்லிக்கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், விசைப்பலகையைத் தொடக் கூடாது. விதி மேலிருந்து வந்ததால் இளையவர்களுக்கு மறுக்க ஒரு சாட்டுக் கிடைத்தது. அடித்த கை யாருடையதோ அவரே தன் சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேட்டில்) படிமுறையைத் தன் மொழியில் எழுதிக்கொண்டார். நிறுவனம் தந்த அச்சிட்ட வழிகாட்டியை யாரும் திறந்து நான் பார்க்கவில்லை. அந்தக் கொப்பிகளில், 'பச்சைப் பொத்தானை அமத்து, மணல் கடிகாரம் நிற்கும்வரை வேறெதையும் தொடாதே, தொட்டால் இரண்டு தரம் விழும்' என்பது போன்ற வரிகள் இருந்தன. வழிகாட்டியில் இல்லாத உண்மை அது. மென்பொருள் மெதுவாக இருக்கும்போது இரண்டாம் தரம் அழுத்தினால் அதே பதிவு இரண்டு தரம் விழும் என்பதை நிறுவனத்துக்கு அந்த வரியைக் காட்டித்தான் ஒப்புக்கொள்ள வைத்தோம்.

எஞ்சியவை

எழுவான்கரைக் கிளைகளில் அடகும் சேமிப்பும் இப்போது நேரடியாகக் கணினியில் நடக்கின்றன. நாள் முடிவுக் கணக்கு பஸ் நேரத்துக்கு முன்னரே ஒத்துவிடுகிறது. பணியாளர்கள் மென்பொருளைப் பற்றிச் சொல்லும் முதல் நன்மையும் அதுதான். பல வருடம் கவுண்டருக்கு வராத அங்கத்தவர்களின் பக்கங்கள் மட்டும் முத்திரை விழாமல் கிடக்கின்றன. சிலர் வெளிநாட்டில், சிலர் உயிருடன் இல்லை. அவற்றை என்ன செய்வது என்பது கூட்டுறவுத் திணைக்களத்தோடு பேசித் தீர்க்க வேண்டியது.

படுவான்கரைக் கிளை இன்னும் பேரேட்டில்தான். வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் ஆள் போய்வருவது இலகுவாயிற்று, இணைப்பு அவ்வளவு இலகுவாக வரவில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இணைப்பு இல்லாமலும் பதிந்து பிறகு சேர்க்கும் வசதியை நிறுவனம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதை எழுவான்கரையில் ஒரு கிளையில் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சோதித்துக் காட்டும்வரை அங்கே கொண்டுபோவதில்லை என்பது என் ஆலோசனை. சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

சம்பளத்தில் கை வைப்பதில்லை என்ற மூன்று மாத விலக்கு ஒரு தடவை நீடிக்கப்பட்டது. இனி அதை நிரந்தரமாக்க வேண்டும் என்று காசாளர்களும் அடகு எழுதுவினைஞர்களும் கூட்டாக ஒப்பமிட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மென்பொருளில் யார் எப்போது எதைப் பதிந்தார்கள் என்பது நிமிடம்வரை தெரிகிறது, கவனக்குறைவையும் நேர்மையான பிழையையும் பிரித்துப் பார்க்க முடிகிறது, பிறகு எதற்குக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் பழைய விதி என்பது அவர்களின் வாதம். பதிவேட்டையே தங்கள் பக்கச் சாட்சியாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கடிதம் சபையின் நிகழ்ச்சி நிரலில் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஐப்பசி நெரிசலுக்கு முன் முடிவு வராவிட்டால் அடகுப் பகுதியில் மறுபடி ஒரு கொப்பி திறக்கப்படும் என்று முகாமையாளர் ஒருவர் சபைக்கு எழுதியிருக்கிறார்.